உடைப்படைச்சான் என்ற குடும்பப் பெயர் குறித்தும் வெள்ளாரங்குளம் கண்மாய்க் கரை குறித்தும்

அனுப்புநர்
வி. மருது,
மனு எழுதுபவர்,
சிம்மக்கல், மதுரை.
(சொந்த ஊர்: வெள்ளாரங்குளம், திருமங்கலம் தாலுகா)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை மாவட்டம், மதுரை.

பொருள்: வெள்ளாரங்குளம் பெரிய கண்மாயின் நீர்மட்டத்தை உடனே குறைத்துக் கரையைச் செப்பனிடவும், என் தம்பி நல்லகாமனை ஊரிலிருந்து உயிருடன் வெளியே கொண்டுவரவும், எங்கள் குடும்பப் பெயரை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் தங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன். பட்டா மாறுதல், பாதைத் தகராறு, முதியோர் உதவித்தொகை என்று தங்கள் மேசைக்கு வந்த தாள்களில் என் கையெழுத்து நிறையவே இருக்கும். எனக்கென்று நான் எழுதும் முதல் மனு இதுதான். பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் ஹாலாஸ்யம் ஐயர் இதன் முதல் தாளைப் படித்துவிட்டு, "ஓய் மருது, இது மனுவா, கதையா? ஒரு பக்கத்துல முடிச்சுடும். நம்பர் போட்டு எழுதும். அழுகையெல்லாம் கலெக்டருக்கு எதுக்கு?" என்றார். நம்பர் போட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் முடிக்க என்னால் ஆகவில்லை.

2. எங்கள் ஊரில் ஒவ்வொரு பங்காளிக் கூட்டத்துக்கும் ஒரு வகையறாப் பெயர் உண்டு. எங்களுடையது உடைப்படைச்சான் வகையறா. கண்மாய்க் கரை அறுத்துக்கொண்டு தண்ணீர் வெளியேறும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் உடைப்பு என்று பெயர். அதை அடைத்தவன் உடைப்படைச்சான். நான் அறிந்தவரை மதுரைச் சீமையில் இந்தப் பெயர் வேறு எவருக்கும் இல்லை. எத்தனையோ ஊர்க்காரர்களுக்கு மனு எழுதியிருக்கிறேன், ஒருவர்கூட இந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவை வாசிக்கும்போது இந்தப் பெயர் வந்ததும் நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவார்.

3. பெயருக்கு ஊர் சொல்லும் காரணம் இது. முன்னொரு காலத்தில் அடைமழையில் கரை உடைந்தது. வைக்கோலும் பனந்தூரும் மண்ணும் போட்டும் நிற்கவில்லை. எங்கள் முன்னோர் ஒருவர், கல்யாணம் ஆகாத இளவட்டம், கரையில் இருக்கும் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டுத் தானாகவே உடைப்பில் இறங்கிக் குறுக்கே படுத்தாராம். அவர்மேல் மண்ணைப் போட்டதும் கரை நின்றதாம். ஊரும் வயலும் பிழைத்தனவாம். அவரையடுத்து எங்கள் குடும்பத்தில் இன்னும் இருவர் வெவ்வேறு காலங்களில் அதேபோல் இறங்கியிருக்கிறார்கள். கடைசியாக இறங்கியவர் என் தகப்பனாருடைய சித்தப்பா. மூவருக்கும் கரைமேல் கல் நட்டிருக்கிறது. கல்லில் அவரவர் சொந்தப் பெயர் கிடையாது. மூன்றிலும் உடைப்படைச்சான் என்று மட்டுமே வெட்டியிருக்கிறது. சிறு வயதில் அந்தக் கற்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவன் நான். அம்புட்டுப் பெருமை எனக்கு.

4. இந்தப் பெயருக்காக ஊர் எங்களுக்குச் செய்யும் மரியாதையையும் ஐயா அவர்கள் அறிய வேண்டும். கருப்பசாமிக்குக் கிடா வெட்டினால் முதல் வெற்றிலை பாக்கு எங்கள் வீட்டுக்கு. ஊர் வரி எங்களிடம் கேட்கமாட்டார்கள். கரைக்குக் கீழே முதல் மடைத் தண்ணீர் பாயும் வயல் எங்களுக்கு மானியம். எங்கள் வீட்டு ஆண்களை யாரும் கைநீட்டி அடித்ததில்லை, ஏசியதுகூட இல்லை. நான் ஒருவர் தோப்பில் மாங்காய் திருடி அகப்பட்டபோது, தோப்புக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் ஓங்கிய கம்பைக் கீழே போட்டுவிட்டு, "நம்ம உடைப்படைச்சான் வீட்டுப் பயலா? தின்னுட்டுப் போடா, ராசா" என்றார். அதை அன்பென்று நினைத்தேன். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் யார் கொல்லையில் மேய்ந்தாலும் எங்கள் பக்கத்தில் விரட்டமாட்டார்கள் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

5. இந்த மரியாதைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எங்கள் வகையறாவில் கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளை ஒருவன் எப்போதும் ஊரில் இருக்க வேண்டும். யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை. ஆனால் எல்லாரும் அறிவார்கள். என் தகப்பனார் விருமாண்டி அதிகம் பேசாதவர். நான் பெரிய பள்ளிக்கூடம் முடித்த வருடம் கண்மாய் தளும்பியது. அன்றைக்கே ஒரு தகரப்பெட்டியை என் தலையில் தூக்கி வைத்து, "மதுரையில போயி படி. பணத்துக்கு நான் பாத்துக்கிறேன். கண்மாய் நெறஞ்சிருக்கான்னு கேட்டுக்கிட்டுத்தான் ஊருக்கு வரணும், ஆமா" என்று பஸ் ஏற்றிவிட்டார். படிப்பின்மேல் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று நான் வியந்தேன். தம்பி அப்போது பால்குடி மறந்த பிள்ளை. நான் மதுரையிலேயே தங்கி, அருப்புக்கோட்டைப் பக்கத்தில் பெண்ணெடுத்துக் கல்யாணமும் செய்துகொண்டேன். தகப்பனார் இறந்த பிறகு ஊரில் எங்கள் வகையறாவில் மிஞ்சியிருப்பவன் தம்பி நல்லகாமன் ஒருவனே. கல்யாணம் ஆகாதவனும் அவன் ஒருவனே.

6. இனிக் கண்மாய் விஷயம். முதலாவது உடைப்பு ஏற்பட்ட இடத்திலேயே கரையின் வெளிப்புறம் இப்போது கசிகிறது. தெளிந்த நீராகக் கசிந்தால் பயமில்லை என்பார்கள். இது செம்மண் கலங்கலாக வருகிறது, அதாவது கரைக்குள்ளிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது. இதைச் சரிசெய்யக் கோரி ஊர் சார்பில் ஆண்டுதோறும் மனு போகும். அதை எழுதுபவனும் நானே. சம்பந்தப்பட்ட அலுவலகம் எதுவென்று இங்கே பெயர் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் இந்த மனுவும் அங்கேயே அனுப்பப்பட்டு அவர்களே பதில் எழுதுவார்கள் என்பது என் தொழில் அனுபவம்.

7. இந்த ஆண்டு ஆடி மாதத்தில் வழக்கம்போல் மனுவை எழுதிக்கொண்டு கையெழுத்துக்காக ஊருக்குப் போனேன். ஊர்ப் பெரியதனக்காரர் வெள்ளைத்துரை அவர்கள் எனக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, தாளை வாங்கிப் பார்க்காமலே மடித்து என் சட்டைப் பையில் செருகினார். "மருது, இந்த வருசம் மனு வேணாம்ப்பா. எழுதி எழுதி என்னத்தக் கண்டோம்? ஒவ்வொருத்தன் வாசல்லயும் போயி நிக்கணுமா? நம்மகிட்டதான் ஆளிருக்குல்ல" என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. 'ஆள்' என்று அவர் யாரைச் சொன்னார் என்று கேட்காமலே எழுந்து வந்தேன், ஐயா.

8. அத்துடன் நில்லாமல் ஊரார் கலுங்கையும் அடைத்துவிட்டார்கள். கண்மாயில் மிஞ்சும் தண்ணீர் தானாக வழிந்து போவதற்கென்று கட்டிய கல்வரிசையே கலுங்கு. அதன்மேல் பனந்தூர்களை அடுக்கிக் களிமண் அப்பி உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் வேண்டுமாம். அவர்களுடைய கஷ்டத்தை நான் அறியாதவன் அல்லன். தொடர்ந்து மழை பொய்த்து, பெண்கள் செக்கானூரணி வரை குடத்தோடு நடந்த ஊர் அது. பசியில் மாட்டை விற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் கசியும் கரைக்குப் பின்னால் கூடுதலாக ஓர் ஆள் உயரத் தண்ணீரை நிறுத்த எந்தப் புத்தியுள்ளவனும் துணியமாட்டான். இவர்கள் துணிந்ததற்கு ஒரே காரணம் என் தம்பி ஊரில் இருக்கிறான் என்பதே.

9. தம்பிக்கு ஓடைக்குடியில் அன்னக்கொடி என்ற பெண்ணைப் பேசியிருக்கிறோம். ஓடைக்குடி எங்கள் கண்மாய்த் தண்ணீர் போய்ச் சேரும் கடைசி ஊர். செக்கானூரணிச் சந்தையில் பார்த்துப் பழகி இருவரும் விரும்பிய சம்பந்தம். ஆவணியில் முகூர்த்தம் குறித்தோம். ஊரார் தேதியை ஐப்பசிக்குத் தள்ளச் சொன்னார்கள். பிறகு தைக்குத் தள்ளச் சொன்னார்கள். "கண்மாய் நெறஞ்சிருக்கு, நெல்லு வெளையட்டும். நம்ம புள்ள கல்யாணத்த ஊரே கூடிச் செய்யிறோம். நீ ஒத்தப் பைசா செலவழிக்க வேணாம்" என்று வெள்ளைத்துரை என் தோளில் கைபோட்டுச் சொன்னார். நானும் மூடனாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

10. பெண்ணின் தாயார் சோணையம்மாள் இதைக் கேட்டதும் பஸ் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். அந்தம்மாள் சொன்னதை நான் மாற்றாமல் எழுதுகிறேன், ஏனெனில் என் குடும்பப் பெயரின் உண்மையான பிறப்பு அதில்தான் இருக்கிறது. "தம்பி, மாப்பிள்ளைய மழைக்கு முன்னால எங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்துருங்க. வீட்டோட இருக்கட்டும். தையி வரைக்கும் அந்த ஊருல விட்டா எம்மக தாலியே பாக்க மாட்டா" என்றார். எங்கள் முன்னோர் தாமாகச் செய்த தியாகத்தை ஊர் மதிக்கிறது, அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நான் வக்கீல் மாதிரி பேசினேன். சோணையம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

11. பிறகு சொன்னார்: "ஒங்க ஊருல பேரு வச்சாங்க. எங்க ஊருல பொணத்த எடுத்தோம். ஒங்க சின்னத் தாத்தா கரைக்குள்ள இல்லய்யா. உடைப்புத் தண்ணியோட அடிச்சிட்டு வந்து எங்க வாய்க்கா மதகுல சிக்குனாரு. எங்கய்யாதான் எறங்கித் தூக்குனாரு. கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால கத்தாழ நாருல கட்டியிருந்துச்சாம். தன்னால குதிச்சவன் தன் கையத் தானே பின்னால கட்டுவானா? உடைப்பையும் அவரு அடைக்கல. தண்ணியெல்லாம் வடிஞ்சி ஓடுன பெறகு ஒங்க ஊரே கூடி மண்ணு சொமந்துதான் அடைச்சாங்க. அந்த வருசம் ஒங்க ஊருல ஒரு மணி நெல்லு வெளையல. இது எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். அதான் ஒங்க வீட்டுக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் பொண்ணு குடுக்குறதில்ல. ஒங்க ஆத்தாளயெல்லாம் தூரா தொலையில இருந்துதான கொண்டாந்தாக?"

12. ஐயா, என் தாயார் ராஜபாளையம் பக்கம். அவருக்கு மாமியாரும் தென்கோடியில் எங்கோ பிறந்தவர். ஏன் இப்படி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. உடைப்பை அடைத்ததால் வந்த பெயர் என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பயந்த ஊர் ஒன்று, கேட்க நாதியில்லாத வீட்டிலிருந்து ஓர் இளவட்டத்தைக் கட்டித் தள்ளியிருக்கிறது. செய்ததைத் தாங்கமுடியாமல் அவனுக்கு ஒரு பெயரைச் சூட்டிக் கல்லையும் நட்டிருக்கிறது. கல் நட்டாயிற்று, வெற்றிலையும் கொடுத்தாயிற்று. அதனால் அடுத்த முறை அவ்வளவு கஷ்டமாக இருந்திராது. முதல் இருவருக்கும் இப்படித்தான் நடந்தது என்பதற்கு என்னிடம் சாட்சியில்லை. மூன்றாமவருக்கு ஓடைக்குடியே சாட்சி.

13. தீபாவளிக்கு முதல் நாள் ஊருக்கு ஓடினேன். தம்பி புது வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு இருந்தான். வேட்டி ஊர்ப் பணத்தில் எடுத்ததாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கறிக்குழம்பு வந்துகொண்டிருந்தது. ஆள் கொஞ்சம் பூரித்தும் இருந்தான். மதுரைக்குக் கிளம்பு என்றேன். "அண்ணே, மதுரையில ஒன்னய எவனுக்குத் தெரியும்? வெயில்ல ஒக்காந்து அடுத்தவனுக்கு எழுதிக் குடுக்குற. இங்க நான் தெருவுல நடந்தா வயசானவுககூட எந்திரிச்சு நிக்கிறாக. நம்ம பேருக்கு உள்ள மருவாதி அது" என்றான். அவன் சொன்னதில் என்னைப் பற்றிய பகுதி சரியே. நான் சோணையம்மாள் சொன்னதைச் சொன்னேன். கட்டிய கைகளைப் பற்றிச் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது. குழம்புச் சட்டியைத் தள்ளி வைத்தான். "அன்னக்கொடிக்கு இது தெரியுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டான். தெரிந்துதான் உன்னைக் கட்டச் சம்மதித்தாள் என்றேன். உடனே பெட்டியை எடுத்தான்.

14. பஸ் நிற்கும் இடம் வரை நாங்கள் இருவரும் நடந்தோம். எங்களோடு ஆட்களும் நடந்தார்கள். முதலில் இரண்டு பேர், தெரு முனையில் நாலு பேர், கருப்பசாமி கோயில் தாண்டும்போது ஒரு கூட்டம். எல்லாரும் சிரித்த முகம். "எங்க மாப்ள கெளம்பிட்ட? பண்டியலுக்கு ஊரவிட்டுப் போனா நல்லாவா இருக்கு?" என்று ஒருவன் தம்பியின் பெட்டியை வாங்கிக்கொண்டான். இன்னொருவன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். யாரும் அடிக்கவில்லை, ஐயா. மிரட்டிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. பஸ் வந்ததும் என்னை மட்டும் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். வெள்ளைத்துரை ஜன்னல் வழியாக எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, "பதனமாப் போய்ட்டு வா. தம்பிய நாங்க பாத்துக்கிறோம்" என்றார். பஸ் திரும்பும்போது தம்பியைப் பார்த்தேன். புது வேட்டியோடு கூட்டத்துக்கு நடுவில் நின்றான். கையை உயர்த்தி என்னைக் கூப்பிடப் பார்த்தான். பக்கத்திலிருந்தவன் அந்தக் கையை அன்பாகப் பிடித்துக் கீழே இறக்கினான்.

15. அன்றிலிருந்து தம்பி வீட்டு முற்றத்தில் இரண்டு பேர் படுக்கிறார்கள். துணைக்காம்.

16. கரைமேல் மூன்று கற்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கல் வந்து கிடப்பதை அன்று ஊருக்குள் போகும் வழியில் நானே பார்த்தேன். மாட்டு வண்டியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கொத்திச் சமப்படுத்தியிருக்கிறது, எழுத்து இன்னும் வெட்டவில்லை. எதற்கென்று வண்டிக்காரரைக் கேட்டேன். துணி துவைக்கப் படிக்கல் என்றார். படிக்கல்லுக்குத் தலைப்பக்கத்தை வளைவாகக் கொத்தமாட்டார்கள். அப்படிக் கொத்தச் சொன்னவர் யார் என்று திரும்பக் கேட்டதற்கு அவர் மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

17. காவல் நிலையம் ஒன்றிலும் முறையிட்டேன். அங்கிருந்தவர் பொறுமையாகவே கேட்டார். கேட்டு முடித்து, "ஒரு ஊரே ஒந்தம்பிக்கு வேட்டி எடுத்துக் குடுத்து கறிச்சோறு போடுது. இதுல எந்த செக்‌ஷன்லய்யா கேசு எழுதுறது?" என்றார். அவர் கேள்வியில் தப்பில்லை. முப்பது வகை மனு எழுதத் தெரிந்த எனக்கும் அந்தச் செக்‌ஷன் தெரியவில்லை. என் மனைவி முத்துத்தாய் நாலைந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்துவிடச் சொல்கிறாள். போனால் வெட்டுக்குத்தாகும், அந்தக் குழப்பத்தில் முதலில் அடிபடுபவன் அவனாகவே இருப்பான். அதனால்தான் அரசாங்கத்தைக் கூப்பிடுகிறேன்.

18. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு மன்றாடுகிறேன்:

(அ) கலுங்கின்மேல் ஊரார் ஏற்றியுள்ள பனந்தூரையும் களிமண்ணையும் இன்றைக்கே அகற்றி, தண்ணீரை வடித்து நீர்மட்டத்தைக் குறைக்க ஆணையிட வேண்டும். நீர் குறைந்தால் உடைப்பு இல்லை. உடைப்பு இல்லையென்றால் என் தம்பி அவர்களுக்குத் தேவைப்படமாட்டான். மற்றக் கோரிக்கைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

(ஆ) அதிகாரி ஒருவர் நேரில் போய், ஊரார் முன்னிலையில் அல்லாமல் தனியே என் தம்பியை விசாரித்து, அவன் விரும்பும் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஊரார் முன்னிலையில் கேட்டால் எனக்கொன்றும் குறையில்லை என்றுதான் சொல்வான். அங்கே வேறெதுவும் சொல்ல முடியாது.

(இ) கரையில் கசியும் இடத்தைத் தோண்டிப் புதிதாகக் கட்ட வேண்டும். உள்ளே என் மூதாதையர் எலும்பு இருக்கிறது, கை வைக்கக்கூடாது என்று ஊர் மறிக்கும். அந்தக் குடும்பத்தின் மூத்த ஆண் என்ற முறையில் நான் சம்மதம் தருகிறேன். தோண்டலாம்.

(ஈ) வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, நிலப் பதிவு எல்லாவற்றிலும் எங்கள் குடும்பத்துக்கு உள்ள உடைப்படைச்சான் என்ற பெயரை நீக்க வேண்டும். மானிய வயலை அரசே எடுத்துக்கொள்ளட்டும். அது எங்களுக்குக் கொடுத்த வயல் அன்று என்பது இப்போது தெரிந்துவிட்டது, தீவனம் போட்டிருக்கிறார்கள். என் மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது நான் இந்தப் பெயரை எழுத மாட்டேன்.

19. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாகமலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. மேசைமேல் விரித்த தாளில் தூறல் விழுந்து சில எழுத்துகள் கலைந்துள்ளன, பொறுத்தருள வேண்டும். ஹாலாஸ்யம் ஐயர் டைப் அடித்துத் தருகிறேன் என்று தாமாகவே சொன்னார். இதுவரை எழுதிய தாள்களையும் படித்துவிட்டார். தம் குடையை எடுத்து எனக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டைப்புக்குக் காத்திருக்க நேரமில்லை. மேற்கே பெய்தால் மலைத்தண்ணீர் ஒரே பகலில் எங்கள் கண்மாய்க்கு வந்துவிடும். மனுவைத் தபாலில் போடாமல் தங்கள் டவாலியிடம் நேரில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். கல்யாணம் ஆனவன் என்பதால் என்னால் அவர்களுக்குப் பிரயோசனம் இல்லை. தம்பி பக்கத்தில் நிற்கவாவது விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

20. கடைசியாக ஒன்று. மனுக்கள் எப்படிப் போகும் என்பதை நான் அறிவேன். இதுவும் 'தக்க நடவடிக்கைக்கு' என்று குறிப்பெழுதப்பட்டு ஒவ்வொரு மேசையாக இறங்கும். அதற்குள் கரை உடைந்துவிட்டால், ஊரிலிருந்து ஒரு கூட்டம் தங்களைப் பார்க்க வரும். வெள்ளைத்துரை முன்னால் நிற்பார். அழுவார், அவர் அழுகை பொய்யாக இராது. நல்லகாமன் தானாகவே குதித்தான், தடுத்துப் பார்த்தோம், ஊருக்காக உயிரைக் கொடுத்தான், அவன் பெயர் நிலைக்க அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்பார். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். தாங்களும் இரங்கி ஏதேனும் எழுதிக் கையெழுத்திட நேரலாம். கையெழுத்திட வேண்டாம் ஐயா. எங்கள் பெயர் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் உண்டாகியிருக்கிறது. ஓடைக்குடி வாய்க்கால் மதகுக்கு ஆள் அனுப்பி, அங்கே அவனைக் கண்டெடுத்ததும் முதலில் அவன் கைகளைப் பார்க்கச் சொல்லி உத்தரவிடுங்கள். அப்படியோர் உத்தரவுக்குத் தேவையே வராமல், இன்று ஒரு ஜீப் கிளம்பினால் போதும்.

இடம்: மதுரை
நாள்: 29.10.1979

தங்கள் ஜீப்பை எதிர்பார்த்துக் கண்மாய்க் கரையில் நிற்கப்போகும்,

(ஒப்பம்)
வி. மருது,
நல்லகாமனின் அண்ணன்